பார்வைக்கு நல்ல தசை

அந்த நிறத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பால் விடாத சாயத் தேநீரின் நிறம். தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து கோயிலால் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் மகள் ஜெனிற்றா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ. எனக்குப் பயமாய்க் கிடக்கு."

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடை இரண்டும் கல் மாதிரி இறுகியிருந்தன. தொட்டதும் கத்தினாள். சிறுநீர் கறுத்துப் போயிருந்தது.

இந்தச் சாட்சியை எழுதித் தரும்படி எங்கள் செபக்குழுவினர் என்னைக் கேட்டார்கள். கோபமில்லாமல் எழுதுங்கோ ரீச்சர் என்றும் சொன்னார்கள். என்னால் முடியாது. ஆண்டவருக்குத் தெரிந்த கோபத்தை உங்களிடம் மறைத்து என்ன பயன்? அவர் என் மன்றாட்டைக் கேட்டார். அதை எழுதுகிறேன். கேட்பதற்கு முன் நடந்ததையும் எழுதுகிறேன். ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் அது பொய்.

நாங்கள் மீன்பிடிக் கிராமமான பேசாலையில் இருக்கிறோம். நான் கணித ஆசிரியை. என் கணவர் சூசைதாசன் ஐஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்களுக்கு ஒரே பிள்ளை.

அன்று ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது. நடந்தாள். இரத்தத்தைச் சோதித்தார்கள், எலிக்காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கிழமை கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியில் மைதானத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு ஆசிரியர் அவளைப் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார், "என்ன, ரீச்சரின்ர மகளுக்குப் பல்லக்கு வேணுமோ?" எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் எழும்பி ஓடினாள். அன்று பின்னேரம் திரும்பவும் அதே நிறம்.

அந்த வருஷம் மூன்று தடவை ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். ஒவ்வொரு தடவையும் நான்கைந்து நாளில் எல்லாம் சரியாகும். கிளினிக்குக்குப் போகிற நாளில் இரத்தச் சோதனை நன்றாக இருக்கும். பிள்ளை சிரித்துக்கொண்டு கதிரையில் இருப்பாள். டொக்டர்மார் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வருத்தக்காரி, நோயாளி, நான்தான் என்பதுபோல. ஒருவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம், "ஆரும் பெடியனோட பிரச்சினையோ?" என்று கேட்டார். ஜெனிற்றா வெளியே வந்து சொன்னாள், "அம்மா, காதலிச்சா மூத்திரம் கறுக்குமாம். இந்தாள் எங்க படிச்சவர்?" அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

மருத்துவம் கைவிட்டதும் நான் கோயிலுக்கு ஓடினேன். எங்கள் செபக்குழுவில் இருக்கிற றீற்றா அக்கா, அன்பாகத்தான், சொன்னார்: "நேர்த்தி வையும், ரீச்சர். பிள்ளையே ஒருசந்தி இருக்கட்டும். வருத்தக்காரர் தானே இருக்கிற ஒருசந்திக்குத்தான் பலன் கூட."

நான் படித்தவள். பத்தாம் வகுப்புக்கு அட்சரகணிதம் படிப்பிக்கிறவள். ஆனால் பிள்ளை விழுந்து விழுந்து எழும்பும்போது படிப்பு எங்கே நிற்கும்? நான் நேர்த்தி வைத்தேன். வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் ஜெனிற்றா ஒருசந்தி இருப்பாள். ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் பொழுது பட்ட பிறகு. ஆவணித் திருவிழாவுக்கு வெறும் வயிற்றோடு நடந்து மடு மாதா கோயிலுக்குப் போவாள். வழியில் தண்ணீர் மட்டும். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சரி அம்மா" என்றாள். அந்தச் "சரி அம்மா" இன்னும் என் காதில் இருக்கிறது.

சண்டை முடிந்து, பாதை திறந்து, சனங்கள் பயமில்லாமல் மடுவுக்கு நடக்கத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். முதல் நாள் சமாளித்தாள். இரண்டாம் நாள் உயிலங்குளம் தாண்டி வயல்வெளிக்குள் வந்தபோது என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"அம்மா, பசிக்குது."

"மாதாவுக்காகக் கொஞ்சம் பொறு பிள்ளை."

"பசி வயித்தில இல்லையம்மா. காலில பசிக்குது."

அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். மடுவுக்கு நடக்கிற நேரத்தில் என்ன பகிடி என்று அதட்டினேன். முருங்கன் வருமுன் விழுந்துவிட்டாள்.

இந்த முறை சிறுநீர் கறுப்பாகவே வந்தது. பிறகு வரவே இல்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் கழுவினார்கள். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் செபிக்கவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

பிள்ளை பிழைத்தாள். கொஞ்சம் தேறியதும், தசையில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு, இடது தொடையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். பதில் வந்தது. வாட்டுப் பெரிய டொக்டர் கோப்பை மூடிக்கொண்டே சொன்னார்: "பார்வைக்கு நல்ல தசை. ஒரு பிழையும் இல்லை. மனநல டொக்டர் ஒருவரைக் காட்டுங்கோ."

நல்ல தசையாம். என் பிள்ளையின் கழுத்தில் இரத்தம் கழுவக் குழாய் போட்ட ஓட்டை இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு புதுக் கொப்பி எடுத்தேன். முறைப்பாடு எழுதத் தொடங்கினேன். எந்த நாள் விழுந்தாள், எந்த ஆஸ்பத்திரி, யார் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், எல்லாம். பல்லக்கு வேணுமோ என்று கேட்ட ஆசிரியரையும் எழுதினேன். பெடியனைக் கேட்ட டொக்டரையும் எழுதினேன். பழைய திருவழிபாட்டு நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு திகதி திகதியாகப் போட்டேன். பேனை கடதாசியைக் கிழித்தது. அமைச்சுவரைக்கும் அனுப்புவேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர், "அனுப்பு. ஆனா முதல் சாப்பிடு" என்றார்.

ஒரு மதியம் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை, பீடத்தைத் துடைக்கிற மக்தலேன் அக்காவைத் தவிர. நான் முழங்காலில் நிற்கவில்லை. நின்றுகொண்டே கத்தினேன்.

"இனி என்னட்டக் குடுக்க ஒண்டும் இல்லை. மெழுகுதிரியும் இல்லை, நேர்த்தியும் இல்லை. சுகப்படுத்தவும் கேக்கேல்லை. என்ர பிள்ளைக்கு என்ன எண்டு சொல்லும். அதின்ர பேரைச் சொல்லும். பிறகு நீர் நினைச்சதைச் செய்யும்!"

மக்தலேன் அக்கா துணியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "ரீச்சர், சத்தம் போடாதேங்கோ. பக்கத்து அறையில சுவாமி நித்திரை."

"அவரும் எழும்பட்டும்!" என்றேன்.

பங்குச் சுவாமியார் எழும்பவில்லை. ஆனால் வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இப்போது அறிவேன்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை கொழும்பில் கிளினிக். கொப்பியை ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடம் கொடுப்பது என்ற முடிவோடுதான் போனேன். வழக்கமான டொக்டர் அன்று லீவு. அவருக்குப் பதிலாக யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். "என்ன நடந்தது, சொல்லுங்கோ அம்மா" என்றார். எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று! நான் கொப்பியை மேசையில் எறிந்தேன். எறிந்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

"வாசியுங்கோ. உங்கட ஆக்களைப் பற்றித்தான்."

அவர் கோபிக்கவில்லை. வாசித்தார். பக்கம் புரட்டினார், திரும்பிப் பின்னுக்கு வந்தார். வெளியே சனம் வரிசையில் முணுமுணுத்தது. கடைசியில் விரலை ஒரு திகதியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"இது வெள்ளிக்கிழமை. இதுவும் வெள்ளி. இதுவும். வெள்ளிக்கிழமையில பிள்ளை என்ன சாப்பிடுறவ?"

"ஒண்டும் சாப்பிடுறேல்லை. ஒருசந்தி. முதல் தவக்காலத்துக்கு, பிறகு நேர்த்திக்கு."

"நடந்து போன நாளில?"

"அண்டைக்கும்தான்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். நான் சொன்ன சொல் எனக்கே அப்போதுதான் கேட்டது. கொப்பியில் எல்லோருடைய குற்றத்தையும் எழுதியிருந்தேன். என்னுடையதைத் திகதிகளாக எழுதியிருந்தேன், தெரியாமலே.

டொக்டர் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். "தசைக்கு ரெண்டு சாப்பாடு, அம்மா. முதல் மாப்பொருள். அது முடிஞ்சா கொழுப்பு. கொழுப்பை உள்ளுக்கு எடுத்து எரிக்க ஒரு நொதியம் வேணும். அது உங்கட பிள்ளைக்குக் குறைவோ எண்டு எனக்குச் சந்தேகம். வயிறு நிறைஞ்சிருந்தா ஒண்டும் தெரியாது. பட்டினியோட கனநேரம் நடந்தா தசை உடையும். உடைஞ்சது சிறுநீரில போகும். அதுதான் அந்த நிறம்."

"தசை நல்லது எண்டல்லோ சொன்னவை?"

"பார்வைக்கு நல்லதுதான். அதைப் பொய் எண்டு நான் சொல்லேல்லை. படகு எஞ்சினைக் கரையில வைச்சுப் பார்த்தா வேலை செய்யுமோ இல்லையோ எண்டு தெரியுமோ? இழுத்துப் பார்க்கவல்லோ வேணும். தசையை அரைச்சு, அந்த நொதியம் எவ்வளவு வேகமாய் வேலை செய்யுது எண்டு அளக்க வேணும்."

"அப்ப அந்தத் துண்டை எடுத்து அளவுங்கோவன்."

அவர் தலை குனிந்துகொண்டு சொன்னார். அந்தத் துண்டை மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். அதில் நொதியம் செத்துப்போகும். எடுத்த நிமிஷமே உறையவைத்து, உறைந்தபடியே அளக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த அளவையை அப்போது நாட்டுக்குள் செய்ய வழியில்லை, இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். அதாவது பிள்ளையைத் திரும்ப வெட்ட வேண்டும். முதல் தடவை ஒருவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அதை எண்ணி இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

ஜெனிற்றா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் டொக்டரிடம், "இந்த முறை மற்றக் காலில வெட்டுங்கோ. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப காலில பசிக்குது எண்டு நான் சொன்னது உண்மைதானேம்மா?"



வெட்டுகிற நாளுக்கு என் கணவர் பேசாலையிலிருந்து ஒரு பெரிய ரெஜிபோம் பெட்டியோடு வந்தார். இறால் அனுப்புகிற வெள்ளைப் பெட்டி. உள்ளே கல்லுப்பு ஒரு பை. டொக்டர் உப்பை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு, ஐயா?"

"ஐசுக்க கலந்தா இன்னும் குளிரும், டொக்டர். எங்கட இறால் இப்பிடித்தான் கொழும்புக்கு வாறது."

"இறாலுக்குக் காணும். இதுக்குக் காணாது." அவர் காட்டியது உலர்பனி, உருகித் தண்ணீராகாமல் புகையாகிப் போகிற பனிக்கட்டி. வெட்டிய துண்டை முதலில் திரவ நைதரசனில் போட்டு உறையவைத்தார்கள். ஒரு கடலை அளவுகூட இல்லை. அதற்கு அவ்வளவு பெரிய பெட்டி. என் கணவர் தன் தொழிலைக் காட்டினார். இடைவெளி எல்லாம் கடதாசி அடைத்து, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டத் தொடங்கினார்.

"ஐயோ, முழுக்க ஒட்டாதேங்கோ!" டொக்டர் ஓடி வந்தார். "காத்துப் போக வழி வேணும். அடைச்சா வெடிக்கும்."

என் கணவர் ரேப்பை உரித்தார். "அப்ப இதுவும் என்ர மனுசி மாதிரித்தான். அடைச்சு வைச்சா வெடிக்கும்."

டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

ஆனால் ஒரு விஷயத்தில் என் கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. பொதி அடுத்த நாளே போய்ச் சேரும், அதற்கு இவ்வளவு உலர்பனி போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் தலையாட்டவில்லை. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் லொறிகளை மறித்துவைத்த நாட்களில், ஒரு நாளுக்கென்று ஐஸ் போட்ட மீன் முழுவதும் அழுகி நாறியதை அவர் கண்டவர். அன்றிலிருந்து ஒரு நாள் பயணத்துக்கு அவர் ஒருபோதும் ஒரு நாள் ஐஸ் போட்டதில்லை.

"நாளைக்குப் போகும் எண்டு சொல்லுறவை நல்ல மனுசர்தான். ஆனா ஐசுக்கு அவையின்ர வாக்கு விளங்காது. அஞ்சு நாளுக்குப் போடுங்கோ. மிச்சத்தை நான் தேடித் தாறன்."

நீர்கொழும்புக்குப் போய், மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு பழகிய ஆளிடம் இன்னொரு பெட்டி நிறைய உலர்பனி வாங்கி வந்தார். கை கன்றிப்போயிருந்தது.

பொதி மறுநாள் போகவில்லை. ஒரு கடதாசியில் கையெழுத்து இல்லையென்று விமானச் சரக்குப் பகுதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்கடுத்தது ஞாயிறு. அந்த நாட்களில் நான் செபித்த விதத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆண்டவரே, உருகவிடாதேயும். அவ்வளவுதான். வேறு வசனம் வரவில்லை. என் பிள்ளையின் சதையின் ஒரு கடலை, யாரோ ஒருவருடைய மேசைக்குப் பக்கத்தில், ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஜெனிற்றா ஒரு தொடையில் தழும்போடும் மற்றதில் தையலோடும் படுத்திருந்தாள். இது உருகினால் மூன்றாம் தடவை வெட்ட நான் எந்த வாயால் சொல்வேன்?

ஐந்தாம் நாள் டொக்டர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, போய்ச் சேர்ந்திட்டுது. பெட்டிக்குள்ள ஒரு கைப்பிடி உலர்பனி மிச்சம் இருந்ததாம். துண்டு உறைஞ்சபடியே இருக்குதாம்."

ஒரு கைப்பிடி. என் சாட்சி அந்த ஒரு கைப்பிடிதான். சூரியன் நிற்கவில்லை, கடல் பிரியவில்லை. அழுகிய மீனை ஒருமுறை கண்ட மனிதனின் பிடிவாதத்தை ஆண்டவர் பாவித்தார். கோபக்காரி ஒருத்தியின் கொப்பியைப் பாவித்தார். லீவு எடுத்த ஒரு டொக்டரையும் பாவித்தார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. அந்த நொதியம், இருக்க வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. வருத்தத்துக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. நான் அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அதன் பேரைச் சொல்லும் என்று கேட்டேன். சொல்லிவிட்டார். எங்கள் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பாதியாக அவளுக்கு வந்ததாம். யாரும் செய்த பாவமில்லை.

மருந்து என்ன என்று கேட்டேன். டொக்டர் சொன்னார்: "சோறு. பாண். வாழைப்பழம். நேரத்துக்கு நேரம், மூண்டு மணித்தியாலத்துக்கு மேல விடாமல். எண்ணெய்ச் சாப்பாடு குறைவு. ஓட்டம், நெடுநடை வேண்டாம். காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து குளுக்கோஸ் ஏத்துங்கோ. பட்டினி மட்டும் ஒருநாளும் வேண்டாம்."

நான் சுகத்துக்காகக் கொடுத்தது எதுவோ, அதுதான் நஞ்சு.

சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். "பதினெட்டு வயசுக்குக் கீழ ஒருசந்தி கடமையே இல்லை, ரீச்சர். வருத்தக்காரருக்கும் இல்லை. நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"பீடத்தில நிண்டு தவக்காலம் முழுக்க ஒருசந்தியைப் பற்றிப் பேசினீங்கள், சுவாமி. இதை ஏன் கேளாமல் சொல்லேல்லை?"

அவர் அடுத்த ஞாயிறு பூசையில் அதை எல்லோருக்கும் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி. கோபம் பாதிதான் போயிருக்கிறது.

முறைப்பாட்டை நான் அனுப்பவில்லை. அந்தக் கொப்பியை டொக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார், புதிதாக வருகிற டொக்டர்மாருக்குக் காட்ட. அதில் என் கணவருக்குப் பெரிய சந்தோஷம். "உன்ர கோபத்தை இப்ப பாடமாய்ப் படிப்பிக்கினம்" என்கிறார். ஜெனிற்றா உயர்தரம் படிக்கிறாள். அந்த ஆவணிக்குப் பிறகு அவளுக்கு ஒருமுறைகூட அந்த நிறம் வரவில்லை.

அன்பானவர்களே, உங்களில் பிள்ளையைப் பற்றிப் பயந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள். நம்புங்கள். ஆனால் உங்கள் பிள்ளையின் பசியைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்காதீர்கள். அதை அவர் கேட்கவில்லை. உங்கள் கோபத்தைக் கொண்டுபோங்கள். அதை அவர் தாங்குவார், நான் கண்டேன். ஒரு கொப்பி வாங்குங்கள், திகதி போட்டு எழுதுங்கள். பார்வைக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அளந்தீர்களா என்று கேளுங்கள். பிள்ளை பசிக்குது என்றால், எந்தப் புனித நாளானாலும், முதலில் அதை நம்புங்கள்.

இந்த வருஷம் பெரிய வெள்ளி. மூன்று மணி. கோயில் நிறைந்த சனம், எல்லோரும் ஒருசந்தி. பாடுகளை வாசித்து, ஆண்டவர் உயிர்விட்ட இடத்தில் எல்லோரும் முழங்காலில் அமைதியாக இருந்தோம். ஜெனிற்றா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பையைத் திறந்து விசுக்கோத்துப் பக்கற்றை எடுத்து உரித்தேன். அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. முன் வரிசை வாங்கிலிருந்து இரண்டு மூன்று தலைகள் திரும்பின. றீற்றா அக்காவும் திரும்பினார். நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். அவர் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"சாப்பிடு, பிள்ளை" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். மொறுமொறுவென்று, அந்த அமைதிக்குள். நான் சிலுவையை நிமிர்ந்து பார்த்தேன். நீண்ட காலத்துக்குப் பிறகு, கத்தாமல், நன்றி என்று சொன்னேன்.